மேட்டில் மட்டும் வந்த பயம்

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு இருத்தி, "ஏதாவது சொல்லுங்கோ மிஸ்" என்று கேட்டீர்கள். இந்த ஆய்வுகூடத்தில் நீங்கள் வைத்திருக்கும் இரத்தப் பரிசோதனை இயந்திரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் அரை நாள் மல்லுக்கட்டிய சோதனையை, நீங்கள் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது செய்து தந்துவிடுகிறது. நல்ல விஷயம். மிச்ச நேரத்தில் தொலைபேசியை நோண்டுகிறீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே நான் இயந்திரத்தை விட்டுவிட்டுக் குதிக்கால்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் தொடங்குகிறேன்.

போர்க்காலத்தில் நான் வேலை பார்த்தது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் அடிப்பக்கத்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளம். மேல்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் பெரிய சைவப் பழம். அவருடைய சாமியறைக்குப் போகும் படி எங்கள் வாசலுக்குள்ளால் ஏறியது. அதனால் செருப்போடு ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று வாடகை பேசும்போதே சொல்லிவிட்டார். எங்கள் டொக்டர் மாளிகாவத்தை முஸ்லிம் மனிதர். "பள்ளிக்குப் போற மாதிரி நெனச்சிக்கிடுவோம் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே தன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். அன்றிலிருந்து எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் வந்தார்கள்.

அந்த வெறுங்கால் எனக்குப் பெரிய உதவியாகப் போய்விட்டது. ஊசி குத்தும்போது மனிதர்கள் முகத்தை எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பெரிய மீசை வைத்தவர்கள் பகிடி கூட விடுவார்கள். ஆனால் மயங்கி விழப்போகிறவருக்குக் கால்விரல்கள் முதலில் சுருண்டுவிடும், பிறகு வெளிறிவிடும். நான் நரம்பு எழும்ப அவர்கள் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டே காலைப் பார்ப்பேன். விரல் சுருண்டால் "வாங்கோ, கட்டிலில் படுங்கோ" என்று விடுவேன். எத்தனையோ மீசைகளை நிலத்தில் விழாமல் காப்பாற்றியிருக்கிறேன். அப்படித்தான் எனக்குக் கால் பார்க்கிற பழக்கம் வந்தது. மற்றபடி நான் ஒன்றும் பெரிய ஞானி இல்லை.

பரமேஸ்வரி அன்ரி மாதம் ஒருமுறை இரத்தத்தில் சீனி பார்க்க வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தார். நல்ல வாய்க்காரி. ஊசி என்றால் மட்டும் குழந்தை. விரல்கள் பத்தும் மடங்கி உள்ளங்காலுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் வாய் இன்னும் வேகமாக ஓடும். அப்படி ஓடிய வாயிலிருந்துதான் அவருடைய கதை முழுவதும் எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வந்த வழியில், சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த கணவர் ஒரு மரத்தடியில் குந்தினார், பிறகு எழும்பவில்லை. களைப்பு என்றார்கள். கொட்டாஞ்சேனையில் வேலை பார்த்த மூத்த மகனை ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ் பிடித்து, விசாரித்து, விட்டது. அவன் கொஞ்ச நாளில் றோட்டில் விழுந்து செத்துப்போனான். முப்பத்தைந்து வயது கூட இல்லை. பயத்தில் நெஞ்சு வெடித்தது என்றார்கள். இனி மிஞ்சியிருப்பவன் இளையவன் குகன். அவனுக்குக் கனடாப் பயணம் சரிவந்திருந்தது. "இவன் ஒருத்தன் தப்பிப் போனால் காணும் பிள்ளை. பிறகு என்னை எந்தக் கடலிலயும் தள்ளட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஒருநாள் காலையில் தனக்குத் தலைச்சுற்று என்று குகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய, உயரமான பிள்ளை. முப்பது இன்னும் ஆகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலடியில் நின்றான். அந்த நாட்களில் இளம் பிள்ளைகள் எங்கே போனாலும் றோட்டைப் பார்த்தபடிதான் நிற்பார்கள்.

நான் அன்ரியின் கையில் பட்டியைக் கட்டினேன். வழக்கப்படி கண் காலுக்குப் போனது. அன்ரியின் விரல்கள் வழக்கம்போல ஒளிந்துகொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் குகனுடைய குதிக்கால்கள் தெரிந்தன.

உங்கள் குதிக்கு மேலே தொட்டுப் பாருங்கள். கெண்டைக்காலிலிருந்து இறங்குகிற நார் ஒன்று, கயிறு மாதிரி மெல்லியதாய் விறைப்பாய் இருக்கும். அவனுக்கு அது என் பெருவிரலைவிடத் தடிப்பாய் இருந்தது. நடுவில் பலாக்கொட்டை ஒன்றை உள்ளே வைத்துத் தைத்ததுபோல ஒரு புடைப்பு. இரண்டு காலிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில். செருப்புக் கடித்துத் தடித்த தோல் அப்படி இருக்காது. நான் படித்த காலத்தில் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அதைத் தவிர அப்படி ஒரு குதியை நான் அதுவரை கண்டதில்லை.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொழுப்புத் தனியே இரத்தத்தில் கரையாது. புரதத்தில் பொதி கட்டித்தான் அதை உடம்பு ஊர் சுற்ற அனுப்புகிறது. அந்தப் பொதிகளில் ஒரு வகையை ஈரல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சில குடும்பங்களில் அந்த வாங்குகிற வாசல் பிறக்கும்போதே பாதி பூட்டியபடி இருக்கும். வாங்க ஆளில்லாத பொதிகள் வருடக்கணக்காய்ச் சுற்றிச் சுற்றி, கண்ட கண்ட இடத்தில் கொலஸ்ட்ரோலை இறக்கி வைக்கும். குதி நாரில் இறக்கினால் புடைப்பு. கருமணியைச் சுற்றி இறக்கினால் சாம்பல் வளையம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிக்குள் இறக்கினால் வெளியில் ஒன்றும் தெரியாது.

"என்ன பிள்ளை, குத்தாமல் பாத்துக்கொண்டிருக்கிறீர்?" என்றார் அன்ரி.

குத்தினேன். வாய் ஓடத் தொடங்கியது.

"இவனைப் பாரும், ஜன்னலை விட்டு அசையிறானோ? பயந்த பிறவி. மேல செக்பொயின்ற்றுக்குக் கிட்டப் போனாலே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிடுவான். தமையனும் உப்பிடித்தான். பயமே அவனைத் திண்டது."

"அம்மா, சும்மா இருங்கோ" என்றான் குகன், திரும்பாமலே.

எங்கள் ஒழுங்கையின் மேல் முகப்பில், காலி வீதியில் ஏறும் இடத்தில், மணல் மூட்டை அடுக்கிய செக்பொயின்ற் இருந்தது. அதைத் தாண்டாமல் ஒருவரும் பஸ் பிடிக்க முடியாது. அதற்குக் கிட்டப் போக நெஞ்சு இறுக்குவது என்பது அந்த நாட்களில் ஒரு நோயாக யாருக்கும் படவில்லை. எனக்கும்தான் இறுக்கியது.

இரத்தம் எடுத்துப் பஞ்சு வைக்கும்போது விசில் கேட்டது. ஆர்மி ட்ரக் ஒன்று மேலே குறுக்கே நின்றது. இன்னொன்று கடற்பக்கம். சுற்றிவளைப்பு. வீடு வீடாக வருவார்கள். முடியும்வரை ஒருவரும் ஒழுங்கையை விட்டுப் போகமுடியாது. அன்ரி எழும்பி மகனுக்குப் பக்கத்தில் போய் நின்று அவனுடைய சேட்டைப் பிடித்துக்கொண்டார்.

எங்களிடம் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். வாசலில் அடுக்கியிருந்த செருப்புகளைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு, சப்பாத்தோடேயே உள்ளே வந்தார்கள். ஒருவன் நேரே குகனிடம் போனான்.

"கோ ஐடென்டிட்டி எக்க?"

குகன் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டினான். கழுத்தால் வியர்வை ஓடி சேட்டின் முதுகு நனைந்துவிட்டது. ஏன் கொழும்பில் இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எப்போது போகிறாய் என்று எல்லாம் கேட்டான். டொக்டர் உள்ளறையிலிருந்து வந்து சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னார். மற்றவன் என் மேசைப் பக்கம் வந்து குழாய்களைப் பார்த்து, "மே லே த?" என்று, இது இரத்தமா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். பாவம், முகம் வெளுத்து, துவக்கைப் பிடித்தபடியே வாசலுக்குப் போய்விட்டான். அவன் சப்பாத்துப் போட்டிருந்ததால் விரல்கள் சுருண்டதோ என்று எனக்குத் தெரியாது. அவன் போனதால் மற்றவனும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "ஹரி, ஹரி", சரி சரி என்று போனான்.

அன்ரி அப்படியே காத்திருப்பவர்களுக்குப் போட்ட வாங்கில் விழுந்தார். குகன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன்: "தம்பி, இப்ப நெஞ்சு இறுக்கினதோ?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தான். "இல்லையக்கா."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை. கைகால் நடுங்கினது. வேர்த்துக் கொட்டினது. நெஞ்சு இறுக்கேல்லை."

"அப்ப எப்ப இறுக்கிறது?"

"மேல ஏறேக்க. செக்பொயின்ற்றுக்குக் கிட்டப் போகப் போக. கொஞ்சம் நிண்டால் விட்டிடும்."

"அவங்களைத் தாண்டி, காலி றோட்டால மட்டமா நடக்கேக்க?"

"இல்லை."

"திரும்பி வரேக்க? அதே செக்பொயின்ற்றைத் தாண்டித்தானே இறங்கி வாறனீர்?"

அவன் என்னைப் பார்த்தான். "இறங்கேக்க வாறதில்லை" என்றான் மெதுவாக. நான் ஏன் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

பயத்துக்கு மேடு பள்ளம் தெரியாது. துவக்கு முன்னால் நின்றபோது வராத இறுக்கம், ஏற்றத்தில் நடக்கும்போது மட்டும் வந்து, நின்றால் போகிறது என்றால், அது பயம் இல்லை. இதயம் கூட வேலை செய்யும்போது அதற்குப் போகிற இரத்தம் போதாமல் போகிறது. அந்த ஒழுங்கை கடலிலிருந்து காலி வீதிக்கு ஏறுகிற மேடு. மேட்டின் உச்சியில் கொண்டுபோய் அரசாங்கம் செக்பொயின்ற்றை வைத்திருந்தது. அதனால் அந்தப் பிள்ளையும் தாயும் ஒழுங்கை முழுவதும் இருந்த நாங்களும் அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். வேறு எந்த ஊரிலும் யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

நான் உள்ளறைக்குப் போய் டொக்டரிடம் சொன்னேன். கால், மேடு, தமையன், தகப்பன், எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ், அவரு நம்மட பேஷன்ட் இல்ல. உம்மாட சீனிக்குத்தானே வந்தாங்க."

"தெரியும் டொக்டர்."

"ஒருத்தரும் கேக்காம நாம போய்ச் சொல்லக்கூடாது. அதுவும் இந்த நேரத்தில. அந்த மனிசி ஏற்கெனவே வீட்டில ரெண்டு மையத்துப் பாத்தவங்க."

"மூண்டாவதையும் பாக்கட்டும் எண்டு விடுவமோ?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இப்போதும் அப்படித்தான். அவர் கோபிக்கவில்லை. அவர் சொன்னது சரியான விதி. நீங்களும் அதன்படியே நடந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு நோயைச் சொல்வது எங்கள் வேலை இல்லை. நோயாளியே இல்லாதவருக்கு நோயைச் சொல்வது அதைவிட ஆபத்தான வேலை. ஆனால் அந்தக் காலையில் ஒழுங்கை இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தது. திறந்தவுடன் அவன் அந்த மேட்டில் ஏறிப் போய்விடுவான், கொஞ்ச நாளில் பிளேனிலும் ஏறிவிடுவான். டொக்டரும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். எழுந்து வெளியே வந்தார். குகனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பச் சொல்லி அவன் கண்களைப் பார்த்தார். கருமணியின் விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு. அதை நான் கவனித்திருக்கவில்லை.

"தம்பி, ஒரு ரத்தம் எடுப்போம். காச விடுங்க, அது நம்மட பொறுப்பு. கொலஸ்ட்ரோல் பாக்கிறதுக்கு."

அன்ரி குறுக்கே வந்துவிட்டார்.

"வேண்டாம் டொக்டர். அவனுக்கு மெடிக்கல் எல்லாம் முடிஞ்சுது. இனி ஒண்டையும் கிளறாதையுங்கோ. நெஞ்சில வருத்தம் எண்டு ஒரு எழுத்து எங்கையும் போனால் பயணம் கெட்டிடும்."

"அன்ரி, அவற்ற குதியைப் பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"குதிக்கு என்ன? அது அவையின்ர அப்பான்ர குதி. நடைகாரற்ற குதி. சைக்கிள் இருந்தும் ஏறாமல் தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடந்தே போற மனிசன். பிள்ளையளுக்கும் அப்பிடியே வந்தது. எங்கட ஆக்கள் பாத்துச் சொல்லுவினம், உந்தக் குதி எங்கட வீட்டு முத்திரை எண்டு."

"அது நடையால வந்த தடிப்பு இல்லை அன்ரி. அதுதான் வருத்தம்."

அவர் முகம் மாறிய மாதிரியை நான் மறக்கவில்லை. என்னை அடிக்க வருகிறாரோ என்று நினைத்தேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? என்ர மூத்தவன் றோட்டில விழேக்க அவனிட்ட அடையாள அட்டை இல்லை. பொலிஸ் வைச்சிருந்தது. பேர் தெரியாத பிணமா ஆஸ்பத்திரியில கிடந்தவன். வெள்ளையால முகத்தை மூடி, ஒரு வரிசையா கிடத்தி வைச்சிருந்தாங்கள். நான் ஒருத்தற்ற முகத்தையும் திறந்து பாக்கேல்லை. கால்மாட்டால நடந்தனான். குதியைக் கண்டனான். இவன்தான் எண்டனான். அந்தக் குதியைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் அழுதது. அதை நீர் வருத்தம் எண்டுறீர்!"

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு என்ன பதில் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கேட்டுக்கொள்கிறேன்.

குகன்தான் பேசினான். "அம்மா, அண்ணாவுக்கு எப்ப எப்ப நெஞ்சை இறுக்கினது?"

"எனக்கென்ன தெரியும்? அவன் கொட்டாஞ்சேனையில இருந்தவன்."

"நீங்கள் போய்ப் போய்ப் பாத்தனீங்கள்தானே."

"மேல் மாடியில ஒரு அறை. நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போவன். என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கீழ வருவான். திரும்ப ஏறேக்க நடுப்படியில நிண்டு, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு..."

அன்ரி நிறுத்தினார். அவருடைய கை தானாக உயர்ந்து, இல்லாத ஒரு கம்பியைப் பிடித்தது.

"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு றோட்டைப் பாப்பான். பொலிஸ் வருதோ எண்டு பாக்கிறான் எண்டு நினைச்சனான். 'வா ராசா, ஒருத்தரும் இல்லை' எண்டு சொல்லுவன். சிரிப்பான். கொஞ்ச நேரம் நிண்டிட்டு ஏறுவான்."

ஒழுங்கையில் எங்கேயோ ஒரு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அன்ரி அந்தக் கையை இறக்கினார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"கையை நீட்டடா."

"அம்மா, பயணம்..."

"கையை நீட்டு எண்டு சொல்லுறன்."

அவன் கதிரையில் இருந்தான். பட்டியைக் கட்டினேன். நரம்பு நல்ல நரம்பு, ஒரே குத்தில் வந்தது. அவன் விரல்கள் சுருளவில்லை. அன்ரிதான் பக்கத்தில் நின்று தன் விரல்களைச் சுருட்டிக்கொண்டார்.

இரத்தத்தைச் சுழற்றி எடுத்தேன். மேலே தெளிந்து நின்ற சீரம் நல்லெண்ணெய் நிறத்தில், கண்ணாடிபோல இருந்தது. குகன் எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமாத்தானே இருக்கு அக்கா" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு ஆசை. எனக்கும் அந்த நிமிடத்தில் நான் பிழையாக இருந்துவிட வேண்டும் என்றே இருந்தது.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சக் காலம் முன்னால் கொட்டாஞ்சேனை நகைக்கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய சீரம் முதலில் பிழிந்த தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை. "அட முருகா, எனக்குள்ள பாலா ஓடுது?" என்று பதறிவிட்டார். எங்கள் நிலையமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கும் பயப்படத்தான் வேண்டும், ஆனால் அந்த வெள்ளைக்குக் காரணம் பெரிய பெரிய கொழுப்புப் பொதிகள். அவை வெளிச்சத்தை மறைக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியும். மனிதர் சாராயத்தையும் பொரியலையும் குறைத்து, மருந்து எடுத்து, அடுத்த முறை தெளிந்த சீரத்தோடு வந்து பெருமையாக நின்றார். நாடிக்குள் மெதுவாகப் படிகிற பொதிகளோ மிகச் சின்னவை. எவ்வளவு இருந்தாலும் சீரம் தெளிவாகவே இருக்கும். உங்கள் கண் அதைக் கண்டு நிம்மதிப்படும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள்.

அவன் காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டிருந்தான். வெறும் வயிற்றில் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கொலஸ்ட்ரோல் ஒருநேரச் சாப்பாட்டால் பெரிதாக மாறாது, மற்றதை எல்லாம் பிறகு வெறும் வயிற்றில் பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை வந்த அளவை நான் நம்பவில்லை. சீரத்தில் உப்புநீர் கலந்து ஐதாக்கித் திரும்பவும் செய்தேன். அதே அளவு. இருக்கவேண்டியதன் இரட்டிப்பையும் தாண்டி இருந்தது.

சுற்றிவளைப்பு முடியும் நேரத்தில் டொக்டர் அன்ரியைத் தன் அறையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். அவசரப்படாமல், அவர் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்க விட்டுச் சொன்னார். கடைசியில் அன்ரி கேட்டார்:

"அப்ப நான் என்ர கண்ணால கண்டுகொண்டுதானே இருந்தனான் டொக்டர்? மூண்டு பேற்ற காலையும் கழுவி, எண்ணெய் தேச்சு, கண்டுகொண்டே இருந்தனான். கண்டும் விட்டிட்டன், என்ன?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். எந்த இயந்திரமும் அதற்கு விடை அடித்துத் தராது.

டொக்டர் சொன்னார்: "நீங்க விடல்ல உம்மா. ஒங்கட புள்ளைகள்ட கால் எண்டு ஆசையாப் பாத்தீங்க. தாய் அப்பிடித்தான் பாக்கணும். வருத்தம் எண்டு பாக்கிறதுக்குத்தான் நாங்க ஈக்கிறம். எங்ககிட்ட இண்டக்கித்தானே அந்தக் கால் வந்திச்சி."

அன்ரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கம் இல்லை. குகன் என்ன செய்வதென்று தெரியாமல் தாயின் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தான். செருப்பு உள்ளே வந்ததற்கு வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அவன் மேட்டில் ஏறவில்லை. டொக்டர் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு போனார். இதய டொக்டர் பார்த்தபோது நாடிகளில் இரண்டு நன்றாக ஒடுங்கியிருந்தன. பிறகு ஒப்பரேஷன், மருந்து, மாதக்கணக்கான ஓய்வு. கனடாப் பயணம் கைவிட்டுப் போனது. அவனை அனுப்பப் பேசியிருந்த ஏஜன்ட் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பரமேஸ்வரி அன்ரி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். கையை நீட்டடா என்று சொன்ன அதே மனிசிதான். கோவிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கனடாவில என்ன டொக்டர்மார் இல்லையோ? அங்க போய்ப் பாத்திருக்கலாம்" என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மனம் நோகவில்லை என்றால் பொய். நல்லாகவே நொந்தது. குண்டு வெடிக்கிற ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பப் பிடித்த ஒரே கையை நான் தட்டிவிட்டேன் என்று அவர் நினைத்தார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒவ்வொரு குண்டுச் செய்தி வரும்போதும், குகன் அந்த பஸ்ஸில் போயிருப்பானோ என்றுதான் எனக்கு முதலில் ஓடும். நீங்கள் சரியானதைச் செய்த பிறகு எல்லோரும் வந்து கும்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலவேளை செருப்பைக்கூட உங்கள் வாசலில் கழற்ற மாட்டார்கள்.

குகன் மட்டும் ஒழுங்காக வந்தான். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, "அம்மா சுகமா இருக்கிறா அக்கா, உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறா" என்று சிரிப்பான். ஒவ்வொரு முறையும் அளவு இறங்கி வந்தது. கொழும்பிலேயே வேலை எடுத்து, கல்யாணமும் கட்டினான். மேட்டில் ஏறி வேலைக்குப் போனான். செக்பொயின்ற் அப்படியே இருந்தது, பயமும் அப்படியே இருந்தது. நெஞ்சு இறுக்கவில்லை.

சில வருடம் கழித்து ஒரு காலையில் வாசலில் பழக்கமான செருப்புச் சத்தம். பரமேஸ்வரி அன்ரி. ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே வந்து, கதிரையில் இருந்து, கையை நீட்டினார்.

"சீனி பாரும்" என்றார்.

பட்டியைக் கட்டினேன். பத்து விரலும் உடனே ஒளிந்துகொண்டன. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. வாய் ஓடப்போகிறது என்று தெரியும். ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் வந்தது.

"பிள்ளை, நேற்று மத்தியானம் இவன் சாப்பிட்டிட்டுக் குப்புறப் படுத்துக் கிடந்தான். நான் குதியைத் தடவிப் பாத்தனான்."

"ம்."

"மெலிஞ்சுபோச்சு. அந்தக் கொட்டை போலக் கிடந்தது, தடவினால் இப்ப கையில அம்பிடுதில்லை."

"மருந்து வேலை செய்யுது அன்ரி. கால்ல கரைஞ்சால், உள்ளுக்கயும் படியாமல் நிக்குது எண்டுதான் நினைக்கவேணும். நல்ல விஷயம்."

"ஓம், தெரியும். நல்லதெண்டு தெரியும்." குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆனால் அது மூத்தவன்ர குதியும்தானே பிள்ளை. இவன்ர அப்பாவும் அவனும் போன பிறகு இவன்ர காலிலதான் அது மிச்சம் இருந்தது. அதுவும் கரையுது."

நான் எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

அவர் மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். "போகட்டும்" என்றார். "கரைஞ்சு போகட்டும். இவனை நான் குதியைப் பாத்து அடையாளம் காட்டத் தேவையில்லைத்தானே?"

"தேவையில்லை அன்ரி" என்றேன்.

"அப்ப குத்தும்" என்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.